கண்படாத குட்டிகள்

நம்முடைய நடுத்தரக் குடும்பங்களுக்குச் சமீப காலமாக ஒரு புதுப் பசி பிடித்திருக்கிறது. சோற்றுப் பசியல்ல, கண்ணின் பசி. கோடை விடுமுறை வந்தால் மலைக்குப் போக வேண்டும். மலைக்குப் போனால் மிருகம் பார்க்க வேண்டும். மிருகம் பார்த்தாலும் போதாது, குட்டியோடு பார்க்க வேண்டும். ஒற்றை யானையைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அடுத்த வீட்டில் அவ்வளவு மதிப்பில்லை. தாயின் வயிற்றுக்கு அடியில் ஒண்டி நிற்கும் கன்றைப் பார்த்து, அதைச் செல்போனில் பிடித்து, நாற்பது உறவினருக்கு அனுப்பிவைத்தவனுக்குத்தான் மரியாதை. எந்தக் குட்டி பார்க்கக் கிடைக்காதோ அதற்கு விலை அதிகம். மான்குட்டியில் ஆரம்பித்து, சிறுத்தைக்குட்டி, புலிக்குட்டி என்று ஏறிக்கொண்டே போகிறது ஆசை.

இந்தப் பசிக்கு 'இயற்கையின் மேல் அன்பு' என்று கௌரவமான ஒரு பெயரும் சூட்டியிருக்கிறோம். அது அன்பல்ல என்பது என் கட்சி. காட்டுக் குட்டிகள் நம் கண்ணில் படாமல் இருப்பது நமக்கு நேர்ந்த நஷ்டமல்ல. தாய்கள் தங்கள் கடமையைச் சரியாகச் செய்கின்றன என்பதற்கு அடையாளம். அந்தக் குட்டிகள் நம் கண்ணுக்குச் சுலபமாகத் தட்டுப்படுகிற நாளில், பெரும்பாலும் தாய்க்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு. முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பேச்சு அந்தரத்தில் நிற்கக் கூடாது. ஓர் இடத்தில் காலூன்றிப் பேசுவோம். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்கிறேன். கீழே நெல்லும் வாழையும் தென்னையும் பன்னீர் திராட்சையும். மேற்கே கேரளத்து ஏலமலை. கிழக்கே மேகமலை. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறுகிற பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மலைக்குத் தோட்டக்கார வெள்ளைக்காரர்கள் 'ஹைவேவிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் பஸ்ஸில் அந்தப் பெயர் சொல்லித்தான் டிக்கெட் கேட்கிறார்கள். மேகமலைச் சரணாலயத்தையும், அதற்கு அடுத்தாற்போல் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும் ஒன்றாகச் சேர்த்து 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அது ஐந்தாவது, இந்தியாவில் 51-ஆவது.

அந்த மலையிலும் அதன் அடிவாரத்திலும் எத்தனை தொட்டில்கள் ஆடிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். ஒன்றுகூட நம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கட்டப்படவில்லை.

பெரிய இருவாச்சி என்று ஒரு பறவை. அதன் பெண் ஓர் உயர்ந்த மரத்தின் பொந்துக்குள் புகுந்துகொண்டு, தன் எச்சத்தையும் கிடைத்த பொருளையும் குழைத்துப் பூசி வாசலை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். ஆண் பறவை நாள் முழுவதும் அத்திப் பழமும் ஆலம் பழமும் பொறுக்கிவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டுகிறது. மாதக் கணக்கில் இந்தச் சிறைவாசம். குஞ்சு பாதி வளர்ந்த பிறகு தாய் உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. வந்ததும் குஞ்சு சும்மா இருப்பதில்லை. உள்ளே இருந்தபடியே வாசலை மறுபடி தானே பூசி அடைத்துக்கொள்கிறது! உலகத்தைப் பார்க்க அதற்கு அவசரமில்லை. உலகம் தன்னைப் பார்ப்பதிலும் அதற்குச் சம்மதமில்லை.

சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு குட்டி போடுகிறது. பிறக்கும்போது அதற்குப் பிடரி கிடையாது. கறுப்பு ரோமமும் வெளிறிய சிறு முகமுமாகத் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தாய் உட்காருவதோ மரத்தின் உச்சியில். கீழேயிருந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறவருக்கு இலைதான் தெரியும்.

அலங்கு என்கிற எறும்புத்தின்னியின் குட்டி தாயின் வாலடியைப் பற்றிக்கொண்டு சவாரி செய்யும். ஆபத்து என்றால் தாய் குட்டியை உள்ளே வைத்துத் தன்னையே பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். புலியின் பல்லுக்கு அந்தச் செதில் தாங்கும். சாக்குப்பை கொண்டுவருகிற மனிதனுக்குத் தாங்காது. சுருண்ட பந்து, எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ள அவனுக்கு வசதியாகப் போய்விடுகிறது.

தேவாங்கு இரவில் இரைதேடப் போகும்போது குட்டியை ஒரு கிளையில் உட்காரவைத்துவிட்டுப் போகிறது. அது கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு, சத்தம் காட்டாமல், தாய் வரும்வரை இருக்க வேண்டும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்ப் பக்கத்துக் காடுகளை 2022-இல் தேவாங்குக்கென்றே சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள்; இந்தியாவில் அதுதான் முதல். காட்டு முயலோ இன்னும் துணிச்சல்காரி. கண் திறந்து, ரோமத்தோடு பிறக்கும் குட்டியைப் புல்லில் கிடத்திவிட்டு விலகிப்போய்விடுவாள். கூடவே இருந்தால் தன் வாசனையே குட்டியைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான் காரணம். அந்தி சாய்ந்த பிறகு வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி போய்விடுவாள்.

யானைக்குச் சுமார் 22 மாதக் கர்ப்பம். பிறக்கும்போதே கன்று நூறு கிலோ. அவ்வளவு பெரிய குழந்தையை எங்கே ஒளிப்பது? தாயும் பெரியம்மாவும் சித்தியும் அக்காளும் சுற்றி நின்று கால்களாலேயே ஒரு வேலி கட்டுகிறார்கள். கன்றுக்குத் துதிக்கையை என்ன செய்வதென்று முதல் சில மாதங்கள் தெரியாது. அதைத் தூக்கி ஒதுக்கிவிட்டு வாயால்தான் பால் குடிக்கும். இந்த வேடிக்கையெல்லாம் அந்த வேலிக்குள்ளே நடக்கிறது. நாம் வெளியே நிற்கிறோம். நிற்க வேண்டிய இடம் அதுதான்.

இது ஒன்றும் நமக்குப் புரியாத சங்கதி அல்ல. நம்முடைய வீடுகளில் பிள்ளை பெற்ற அறைக்குள் யாரும் நினைத்த மாத்திரத்தில் நுழைந்துவிட முடியாது. வெளியிலிருந்து வந்தால் கால் அலம்ப வேண்டும். வெளியாள் வந்தால் பாட்டி குழந்தையின் மேல் துணியை இழுத்துவிடுவாள். கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு, உள்ளங்காலில் ஒரு கறுப்புப் பொட்டு. தூங்குகிற குழந்தையை நின்று ரசிக்கக் கூடாது என்று சொந்தத் தகப்பனையே விரட்டுவாள். கண்ணேறு என்பதில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கலாம், இல்லாமல் போகலாம். ஆனால் பாட்டியின் கணக்கு சரியான கணக்கு: பிறந்த உயிர் பிறத்தியார் பார்ப்பதற்கல்ல. இந்த நாகரிகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த நாம், மலை ஏறினவுடன் பக்கத்து வீட்டுப் பிரசவ அறையின் ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறோம். செல்போன் வேறு.

பார்த்தால் என்ன குறைந்துபோய்விடும் என்று கேட்பார்கள். குறைந்துதான் போகிறது. மூன்று விதத்தில்.

முதலாவது, வேடிக்கை. 2023 மே மாதத்தில் கம்பத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கேரளத்துச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்ட அரிக்கொம்பன் என்கிற ஆண் யானை மேகமலைப் பக்கம் வந்து, மே 27-ஆம் தேதி கம்பம் நகரத் தெருக்களுக்குள் இறங்கிவிட்டது. 144 தடை உத்தரவு போட்டார்கள். யானை மோதிக் கீழே விழுந்த ஒருவர் பிறகு உயிரிழந்தார். அப்படியும் ஜனங்களின் கண்பசி அடங்கவில்லை. யானை ஒதுங்கி நின்ற தோப்புக்கு மேலே ஒருவர் டிரோன் விமானம் பறக்கவிட்டுப் படம் எடுக்கப் பார்த்துக் கைதானார். ஜூன் 5-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அது வளர்ந்த ஆண் யானை. அதற்கே அந்தக் கூச்சலிலும் ஓசையிலும் நிலைகொள்ளவில்லை. கன்றோடு நிற்கும் தாயைச் சுற்றி இதையே செய்தால் அவள் என்ன செய்வாள்? ஒன்று ஓடுவாள், ஓட்டத்தில் கன்று பின்தங்கும். அல்லது திரும்பி வருவாள். திரும்பி வந்தால், மறுநாள் பத்திரிகையில் 'வெறிபிடித்த யானை' என்று போட்டுவிடுவோம். வெறி யாருக்குப் பிடித்திருந்தது என்பதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

இரண்டாவது, இரக்கம். இது வேடிக்கையைக் காட்டிலும் அபாயமானது, ஏனென்றால் இதைச் செய்கிறவர்கள் நல்லவர்கள். வயலோரம் நடந்துபோகிறோம். புல்லில் ஒரு முயல்குட்டி தனியாகக் கிடக்கிறது. 'ஐயோ பாவம், தாய் விட்டுவிட்டுப் போய்விட்டதே!' என்று எடுத்துக்கொண்டு வந்து அட்டைப்பெட்டியில் பஞ்சு விரித்துப் பசும்பால் புகட்டுகிறோம். இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு. நான்காம் நாள் கொல்லையில் குழி. தாய் விட்டுவிட்டுப் போகவில்லை, ஐயா. அந்தியில் வருவதாக இருந்தாள். நாம் அவளுக்கு முன்னால் வந்துவிட்டோம். மான்குட்டியின் கதையும் இதுதான். மனிதன் கை பட்டால் தாய் சேர்க்காது என்று ஒரு பேச்சு ஊரெங்கும் உண்டு. அநேகமாகத் தாய் சேர்த்துக்கொள்ளத் தயாராகவே இருக்கிறது. கூட்டம் போட்டு நின்று அதை வரவிடாமல் செய்கிறவர்கள் நாம்தான்.

சின்னமனூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற ஒரு வயதான அம்மாளிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கரும்புக் காட்டில் காட்டுப்பூனை குட்டி போடுவது உண்டு. அதைப் பார்த்துச் சிறுத்தைக்குட்டி என்று ஊரே அலறிக்கொண்டு கூடுவதும் உண்டு.

"நீங்க என்ன செய்வீங்க?" என்றேன்.

"என்னத்தய்யா செய்யிறது? அந்தப் பக்கத்த விட்டுட்டு வேற பக்கம் வெட்டுவோம். பூனை ராத்திரிக்கு வந்து ஒவ்வொண்ணா வாயில கவ்விட்டுப் போயிரும். காலையில வந்து பாத்தா இருக்காது."

"குட்டி எப்படி இருந்துச்சுன்னு கிட்டப் போய்ப் பாக்க ஆசை வராதா?"

"எதுக்குய்யா? புள்ள பெத்தவ படுத்திருக்கா, அங்க நமக்கென்ன சோலி?"

காலையில் வந்து பார்த்தால் குட்டி இல்லை. அதுதான் அந்த அம்மாளுக்குத் திருப்தி. நமக்கோ குட்டி இருந்தால்தான் திருப்தி. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசத்துக்குள்ளே ஒரு பூனைக் குடும்பத்தின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது, உடைமை. பார்த்த கண் சும்மா இருக்காது. கையை நீட்டச் சொல்லும். நம் வீட்டு வராந்தாக்களில் தொங்குகிற கிளிக்கூண்டுகளை நினைத்துப் பாருங்கள். கிளி முட்டையிலிருந்து கூண்டுக்குள் வந்து குதிக்கவில்லை. யாரோ ஒருவன் மரமேறி, பொந்துக்குள் கைவிட்டு, இறகு முளைக்காத குஞ்சுகளை அள்ளிக்கொண்டு வந்தான். பாதி வழியில் செத்தது போக மிச்சத்தை விற்றான். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். 1990-களின் தொடக்கத்திலிருந்தே இந்த வியாபாரத்துக்குத் தடை இருக்கிறது. வனவிலங்குச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் 'வேட்டை' என்றே சொல்கிறது. துப்பாக்கி எடுத்தவன் மட்டும் வேட்டைக்காரனல்ல. நல்ல படம் கிடைக்கவில்லையே என்று கூட்டின் முன்னால் இருந்த கிளையை ஒடித்துவிட்டுப் போட்டோ பிடிக்கிறவரும் அந்த வரிசைக்கு அருகில்தான் நிற்கிறார்.

யானைக்கன்றுக்கு வருகிறேன். 2023 மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டு மக்கள் யானைக்கன்றுகளைக் கண்ணாரப் பார்த்தார்கள். ரகு என்ற அநாதைக் கன்றை முதுமலையில் வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய படத்துக்கு அந்த மாதம் ஆஸ்கர் பரிசு கிடைத்தது. கன்று என்ன அழகு என்று வீடு வீடாகப் பேசினோம். அதே மாதம் 7-ஆம் தேதி தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோதமான மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்துபோயின. இரண்டு கன்றுகள் தப்பிப் பிழைத்து, செத்துக் கிடந்த தாய்மாரைச் சுற்றி வந்தன. அந்தப் படமும் வீடு வீடாக வந்தது. அதே மாதம், அதே மாவட்டத்தில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட இன்னொரு கன்றைக் கூட்டத்தோடு சேர்க்க முடியாமல் முதுமலைக்குக் கொண்டுபோனார்கள். பொம்மனும் பெள்ளியுமே அதைப் பார்த்துக்கொண்டார்கள். உலகமே மெச்சிய கைகள். ஆனாலும் மாதம் முடிவதற்குள் கன்று இறந்துவிட்டது. தாய்ப்பாலுக்கு ஈடாக ஒரு பாலை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

என் கட்சியை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்த மாதம் நாம் பார்த்த கன்றுகளையெல்லாம் ஏன் பார்க்க முடிந்தது? அவற்றைச் சுற்றி நிற்க வேண்டிய கால்கள் இல்லாமல் போனதால் பார்க்க முடிந்தது. கன்று நன்றாகத் தெரிகிறது என்றால், மறைக்க வேண்டியவள் அங்கே இல்லை. படம் எவ்வளவு தெளிவோ, சேதி அவ்வளவு மோசம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு படம் உண்டு. 2023 டிசம்பர் முடிவில் ஆனைமலைக் காப்பகத்தில் பொள்ளாச்சிப் பக்கம் தனியாகத் தவித்த ஒரு கன்றை வனத்துறைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். டிரோன் விட்டு அதன் கூட்டம் எங்கே போகிறது என்று தேடி, கன்றைக் கொண்டுபோய்த் தாயோடு சேர்த்துவிட்டார்கள். சில நாள் கழித்து, தாயின் மேல் சாய்ந்து கன்று தூங்குகிற ஒரு படம் வெளியாயிற்று. கண்காணிப்புக்குப் போன ஊழியர்கள் தூரத்திலிருந்து எடுத்தது. கம்பத்தில் பறந்ததும் டிரோன்தான், இங்கே பறந்ததும் டிரோன்தான். ஒன்று பார்ப்பதற்காகவே பறந்தது. இன்னொன்று கன்றை மறுபடியும் கண்மறைவாக ஆக்குவதற்காகப் பறந்தது. கருவியின் மேல் எனக்குக் கோபமில்லை. அது எதற்குப் பறக்கிறது என்பதுதான் கேள்வி.

இப்போது எதிர்க்கட்சி வக்கீலின் வலுவான வாதத்துக்கு வருவோம். "பார்க்காமல் எப்படி அன்பு வரும்? குழந்தைகள் பார்த்தால்தானே காப்பாற்ற வேண்டும் என்று தோன்றும்? யாரும் பார்க்காத பிராணியை யாருக்கும் தெரியாமலே அழித்துவிடுவார்களே!" இதில் பாதி வாஸ்தவம். அந்தப் பாதிக்கு மேகமலையிலேயே ஒரு கதை இருக்கிறது.

1948-இல், மேகமலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கைப் பிரியர் ஒரு வௌவாலைப் பிடித்தார். அதன் உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போயிற்று. ஊரெல்லாம் பறக்கிற சாதாரணப் பழந்தின்னி வௌவால் என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அது அங்கே கிடந்தது. பிறகு தாய்லாந்துக்காரரான கிட்டி தொங்லோங்யா என்ற விஞ்ஞானி அதன் மண்டையோட்டையும் பல்லையும் நிதானமாக ஆராய்ந்தார். இது வேறு இனம் மட்டுமல்ல, வேறு பேரினமே என்று 1972-இல் எழுதினார். பறவை அறிஞர் சாலிம் அலியின் பெயரை அதற்கு வைத்தார். அதுவரையில் உலகத்துக்கு அந்தப் பிராணியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த ஒரே உடல்தான். 1993-இல்தான் அதே மலையில் அதை உயிரோடு மறுபடி கண்டார்கள்.

சாலிம் அலி வௌவால் குகையில் தங்கும். பழந்தின்னி வௌவால்கள் அநேகமாக ஒரு தடவைக்கு ஒரே குட்டிதான் ஈனும். குட்டி சிறிதாக இருக்கும்வரை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டே தாய் பறக்கும். மேகமலையின் இருட்டில் அப்படிப் பறந்துபோகும் தாயையும் குட்டியையும் பார்த்த மனிதர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். பார்க்க அரிய குட்டி என்று பட்டியல் போடுகிறவர்கள் புலிக்குட்டியை முதலில் போடுகிறார்கள். வௌவால் குட்டியைக் கடைசியில்கூடப் போடுவதில்லை. அது அழகாயில்லை அல்லவா!

சட்டமும் நம்மைப் போலவே பார்த்தது. தொங்லோங்யா அதற்குப் பெயர் வைத்த அதே 1972-இல்தான் நம்முடைய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் 'தொல்லைப் பிராணிகள்' என்ற ஐந்தாம் பட்டியலில் அந்தச் சட்டம் போட்டுவைத்தது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று பழமொழி சொன்ன நாட்டில் காக்கைக்கே அந்தக் கதி! சாலிம் அலி வௌவாலை மட்டும் பிற்பாடு முதல் பட்டியலுக்கு உயர்த்தினார்கள். 2022 டிசம்பரில் நிறைவேறி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில்தான் அந்தத் தொல்லைப் பட்டியல் நீங்கிற்று. இனி மத்திய அரசு தனியாக அறிவித்தால்தான் ஒரு பிராணி தொல்லைப் பிராணி ஆகும்.

இந்தக் கதை எதிர்க்கட்சிக்குச் சாதகமா, எனக்கா? யாரும் கவனிக்காததால் ஓர் அபூர்வ உயிர் தொல்லைப் பட்டியலில் கிடந்தது என்பார்கள். சரி. ஆனால் அதை மீட்டது எது? குகை வாசலில் ஜீப்பை நிறுத்தி எட்டிப் பார்த்த கூட்டமா? பல்லையும் எலும்பையும் பொறுமையாக ஆராய்ந்த ஒரு மனிதனின் படிப்பு மீட்டது. பார்ப்பது வேறு, அறிவது வேறு. பம்பாயில் அந்த உடலைப் பார்த்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள், அறிந்தவர் ஒருவர். குழந்தைகளுக்கு நாம் கொடுக்க வேண்டியது அந்த இரண்டாவது. இருவாச்சிக் குஞ்சு உள்ளேயிருந்து வாசலைப் பூசிக்கொள்கிறது என்று ஒரு குழந்தைக்குச் சொல்லிப் பாருங்கள். அதன் கண் விரிகிறதா இல்லையா என்று பாருங்கள். அந்தக் குழந்தை அந்த மரத்தை வெட்ட விடாது. பொந்தை எட்டிப் பார்த்திருக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. தவிரவும், பார்த்தால் அன்பு வரும் என்பது உண்மையானால், தினம் பார்க்கிற தெருநாய்க் குட்டிகள் மேல் நமக்கு எவ்வளவு அன்பு வந்திருக்க வேண்டும்!

இன்னொரு தரப்பும் உண்டு. அது கம்பத்து விவசாயியின் தரப்பு. "நீங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு குட்டி, தொட்டில் என்று எழுதுகிறீர்கள். பன்றி வந்து என் பயிரை உழுதுவிட்டுப் போகிறது. யானை வந்து வாழையைத் தின்கிறது. வௌவால் திராட்சையைக் குதறுகிறது" என்பார். அவர் கோபம் நியாயமானது. இந்தக் கட்டுரை அவரைக் குறிவைத்தது அல்ல. அவருக்கு நஷ்டஈடு தாமதமில்லாமல் சேர வேண்டும். வேலிக்கு உதவி வேண்டும். ஆனால் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய வேலி கூடாது. மாரண்டஅள்ளியில் யானையைக் கொன்ற கம்பி மனிதனையும் கொல்லும். அவருக்கும் காட்டுக்கும் உள்ள வழக்கு பிழைப்பைப் பற்றிய வழக்கு, பேசித் தீர்க்கலாம். நம்முடையது பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்கு நஷ்டஈடு கேட்க நமக்கு வாயில்லை.

பள்ளத்தாக்குக்காரர்களுக்கு, கண்ணால் காணாததற்கு நன்றி சொல்லுகிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. 1895-இல் முல்லைப்பெரியாறு அணை வந்தது. மேற்கே ஓடவேண்டிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்து இவர்கள் வயலில் பாய்கிறது. அந்த அணையைத் தம் வாழ்நாளில் நேரில் பார்க்காதவர்கள் இங்கே ஏராளம். ஆனாலும் கட்டிய பென்னிகுவிக்கின் படத்தை வீட்டில் மாட்டுகிறார்கள். பிள்ளைக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதி பொங்கல் வைக்கிறார்கள். வைகையும் வருசநாட்டு மலைகளில் யார் கண்ணிலும் படாத சின்ன ஓடைகளாகத்தான் ஆரம்பிக்கிறது. அந்த ஓடைகளுக்கு நிழல் தருகிற மரங்களின் விதையை விதைத்தவர்களில் யானை உண்டு, இருவாச்சி உண்டு, மந்தி உண்டு, பேரில்லாமல் கிடந்த வௌவாலும் உண்டு. மதுரையில் குழாயைத் திறந்து குடிக்கிறவர்கள்கூட அந்தக் கண்படாத குட்டிகளுக்குக் கடன்பட்டவர்கள்தான். கடன்காரன் கடன் கொடுத்தவன் வீட்டுக் குழந்தையை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பது அழகல்ல.

அதனால் மேகமலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். அனுமதித்த பாதையில், அனுமதித்த நேரத்தில் போங்கள். மேகம் இறங்குவதைப் பாருங்கள், தேயிலையைப் பாருங்கள், ஏரியைப் பாருங்கள். வயலில் தனியாக ஒரு குட்டி கிடந்தால் தூக்காதீர்கள். விலகி வந்து, மற்றவர்களையும் விலகச் சொல்லுங்கள். அடிபட்டிருந்தால், அல்லது தாய் செத்துக் கிடந்தால், வனத்துறைக்குச் சொல்லிவிட்டு அவர்கள் வரும்வரை கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சாக இருந்து, கூடு கைக்கு எட்டினால், எடுத்து உள்ளே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். குட்டியின் படம் யாராவது அனுப்பினால் 'என்ன அழகு!' என்று எழுதுவதற்கு முன்னால், 'தாய் எங்கே?' என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள். அந்த ஒரு கேள்வி நூறு படங்களை நிறுத்தும்.

மலைப்பாதையில் திரும்பும்போது, புதருக்கு அப்பால் ஒரு பெரிய உருவமும் அதன் கால்களுக்கு நடுவே ஒரு சின்ன உருவமும் அசைவது தெரிந்தால், டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லாதீர்கள். போகச் சொல்லுங்கள்.